ஒரே ரசீதில் இரண்டு ஊசி

சித்தப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. பத்து வருஷமாகச் சர்க்கரை. பிப்ரவரியில் வழக்கமான பரிசோதனைக்கு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனவர், இரண்டு தோளிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டு திரும்பினார். ரசீதை என் மேசைமேல் வைத்தார். நிமோனியா ஊசி ஒன்று, ஃப்ளூ ஊசி ஒன்று, இரண்டும் சேர்த்து ஆறாயிரம் ரூபாயை ஒட்டி வந்திருந்தது. "இனிமே நிமோனியாவே வராதுன்னு சொன்னாங்கடா. நெசந்தானா?" என்றார்.

"வராது" என்று யாராவது சொல்லியிருந்தால் அது தப்பு. அதற்காக "காசு போச்சு" என்று நான் சொன்னால் அதுவும் தப்புதான். இந்த இரண்டு ஊசிகளும் ஒரே மேசையில் விற்கப்படுகின்றன, ஒரே துண்டுப் பிரசுரத்தில் பாராட்டப்படுகின்றன. ஆனால் இரண்டுக்கும் உள்ள சான்று ஒரே தரத்தது அல்ல. இரண்டும் காக்கும் ஆட்களும் ஒரே ஆட்கள் அல்லர். ஆகவே தனித்தனியாகத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

சேர்த்துப் பேசுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 1918இன் ஃப்ளூ கொள்ளைநோயில் இறந்தவர்களில் பெரும்பாலோரை வைரஸ் தனியாகக் கொல்லவில்லை. வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலைச் சிதைத்துவிட்டுப் போன பிறகு, அந்தப் புண்ணில் பாக்டீரியாக்கள் புகுந்து நுரையீரலை நிரப்பின. பாதுகாத்து வைத்திருந்த பழைய பிணக்கூறாய்வுத் திசுக்களை 2008இல் மீண்டும் ஆராய்ந்தவர்கள் இதை உறுதிப்படுத்தினார்கள். அப்படிப் புகும் பாக்டீரியாக்களில் முக்கியமானது நியூமோகாக்கஸ். தென்னாப்பிரிக்காவில் 37,000 சொச்சம் கைக்குழந்தைகளிடம் நியூமோகாக்கஸ் தடுப்பூசியைச் சோதித்தார்கள். 2004இல் வெளியான அதன் ஒரு முடிவு விசித்திரமானது. பாக்டீரியாவுக்கு எதிரான அந்த ஊசி, வைரஸ் தொற்றுடன் வந்த நிமோனியாவால் மருத்துவமனையில் சேர்வதை 31 விழுக்காடு குறைத்திருந்தது. வைரஸ் நிமோனியா என்று பெயரெழுதிய படுக்கைகளில் மூன்றில் ஒரு பங்கில் நியூமோகாக்கஸும் ஒளிந்திருந்தது என்றுதான் இதற்குப் பொருள். இரண்டு கிருமிகளுக்கும் கூட்டு உண்டு. ஆனால் கூட்டாளிகள் என்பதற்காக இருவர்மேலும் ஒரே தீர்ப்பு எழுத முடியாது.

ஃப்ளூ ஊசியிலிருந்து தொடங்குகிறேன். இதில்தான் புள்ளிவிவரம் அதிகம் ஏமாற்றியிருக்கிறது.

ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்ட முதியவர்களில் இறப்பு பாதியாகக் குறைந்தது என்று ஒரு காலத்தில் ஆய்வுக்குப்பின் ஆய்வாக வந்துகொண்டிருந்தது. யோசித்தால் உதைக்கும் கணக்கு அது. முதியவர்களின் மொத்த இறப்பில் ஃப்ளூவின் பங்கே சிறியது. அந்தச் சிறு பங்கை முழுக்கத் துடைத்தாலும் மொத்தம் எப்படிப் பாதியாகும்? அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 65 வயதைக் கடந்த 72,527 பேரின் பதிவேடுகளை வைத்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு இந்த முடிச்சை அவிழ்த்தது. ஆய்வாளர்கள் செய்தது எளிய காரியம். ஃப்ளூ பருவம் தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில், கிருமியே ஊருக்குள் வராதபோது, ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் எந்த விகிதத்தில் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். போட்டவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களுடையதில் 39 விழுக்காடுதான் இருந்தது. தாக்காத நோயிலிருந்து எந்த ஊசியும் யாரையும் காப்பாற்றாது. விஷயம் இவ்வளவுதான்: எழுந்து நடந்து, வண்டி பிடித்து, வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொள்ள முடிகிறவர் ஏற்கெனவே தெம்பானவர். படுக்கையில் கிடப்பவர் வரிசைக்கு வரவில்லை.

ஊசிக்கு எதிராக எதையாவது நிரூபிக்கிறதென்று இந்த ஆய்வை வாட்ஸப் ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடுவதுண்டு. அப்படி எதையும் இது நிரூபிக்கவில்லை. சாட்சி பொய் சொன்னது என்பதுதான் முடிவு. வழக்கு பொய் என்பதல்ல. முதியவர்களின் தடுப்பூசி பற்றி யார் எந்தப் பெரிய எண்ணைச் சொன்னாலும் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையா, பதிவேட்டைப் பார்த்த கணக்கா என்பதுதான். இரண்டு ஊசியையும் சேர்த்துப் போட்டால் இன்னின்ன குறையும் என்று விளம்பரப்படுத்தப்படும் எண்களில் பல இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

குலுக்கிப் பிரித்த சோதனைகளை மட்டும் வைத்து காக்ரேன் அமைப்பு 2018இல் தொகுத்த கணக்கு அடக்கமானது. ஒரு பருவத்தில், ஊசி போடாத முதியவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு ஃப்ளூ வந்தால், போட்டவர்களில் 2.4 பேருக்கு வரும். ஏறத்தாழ முப்பது பேருக்குப் போட்டால் ஒருவருக்குத் தடுக்கலாம். இளவயது ஆரோக்கியர்களில் 2.3 என்பது 0.9 ஆகும், ஒருவரைக் காக்க 71 பேருக்குப் போட வேண்டும். இறப்பைப் பற்றித் தீர்மானமாகச் சொல்லும் அளவுக்கு அந்தச் சோதனைகள் பெரியவை அல்ல. போதாக்குறைக்கு வைரஸ் ஆண்டுதோறும் சட்டையை மாற்றுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் எந்த ரகங்களைச் சேர்ப்பது என்று மாதங்களுக்கு முன்பே கணித்துச் சொல்கிறது. கணிப்பு தவறிய 2014–15 பருவத்தில் அமெரிக்காவில் ஊசியின் பலன் 19 விழுக்காட்டுக்கு இறங்கியது.

முப்பதுக்கு ஒன்று என்பது அற்பமா? காய்ச்சலில் மூன்று நாள் படுத்து எழுகிறவருக்கு அற்பம்தான். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவருக்கு அப்படி இல்லை. 2021இல் வெளியான ஒரு சோதனையில், எட்டு நாடுகளைச் சேர்ந்த 2,571 இதய நோயாளிகளுக்கு, பெரும்பாலும் மாரடைப்புக்குச் சிகிச்சை முடிந்த 72 மணி நேரத்துக்குள், ஃப்ளூ ஊசியோ வெறும் உப்புநீரோ போடப்பட்டது. யாருக்கு எது என்று ஆய்வாளர்களுக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவர்களுக்கும் தெரியாது. ஓராண்டில் உப்புநீர்க் குழுவில் 4.9 விழுக்காட்டினர் இறந்தார்கள், ஊசிக் குழுவில் 2.9. கொரோனா குறுக்கிட்டதால் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுமுன்பே சோதனை நின்றுவிட்டது. எண்ணிக்கை குறைந்த சோதனைகள் பலனைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டும் பழக்கம் உள்ளவை என்பதால் இதை முழுப் படியாக அளக்க மாட்டேன். அதற்கு அடுத்த ஆண்டு வெளியானது இதயச் செயலிழப்பு உள்ள 5,129 பேரின் சோதனை. இந்தியா உள்பட ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் நோயாளிகள் அதில் இருந்தார்கள். இதய இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த முதன்மைக் கணக்கில் ஊசி ஜெயிக்கவில்லை. ஆனால் நிமோனியா 4.0 விழுக்காட்டிலிருந்து 2.4 ஆகக் குறைந்தது.

இந்தக் கடைசி வரியைச் சித்தப்பாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். நிமோனியாவைக் குறைத்தது நிமோனியா ஊசி அல்ல, ஃப்ளூ ஊசி.

அப்படியானால் நிமோனியா ஊசி என்ன செய்கிறது? பெயரிலேயே பிழை இருக்கிறது. நிமோனியா ஒரு நிலை. அதை உண்டாக்கும் கிருமிகள் பல. அவற்றில் ஒன்று நியூமோகாக்கஸ். அந்த ஒன்றுக்குள் நூறு வகைகள், ஒவ்வொன்றும் தனித்தனிச் சர்க்கரை உறை போர்த்தியது. ஊசிப் பெயருக்குப் பின்னால் வரும் 10, 13, 20, 23 எல்லாம் அந்த நூறில் எத்தனை உறைகளை அடையாளம் காட்டுகிறது என்பதற்கான எண்கள். அதாவது முழுமையில் ஒரு பகுதி, அந்தப் பகுதிக்குள் இன்னொரு பகுதி.

இதை நெதர்லாந்தில் நடந்த சோதனையைப் போல் தெளிவாகக் காட்டியது வேறொன்றும் இல்லை. 65 வயதைக் கடந்த 84,496 பேர். பாதிப் பேருக்கு 13 வகை ஊசி, பாதிப் பேருக்குப் போலி ஊசி; ஏறத்தாழ நான்காண்டு கண்காணிப்பு. செலவை ஏற்றது ஊசியைத் தயாரித்த நிறுவனமே. கட்டுரை 2015இல் வெளிவந்தது. அந்த 13 வகைகளால் வரும் நிமோனியா போலிக் குழுவில் 90 பேருக்கு வந்தது, ஊசிக் குழுவில் 49 பேருக்கு. பலன் 45.6 விழுக்காடு. இந்த எண்தான் பிரசுரங்களில் வரும், பொய்யில்லை. அதே கட்டுரையில் இன்னொரு வரி உண்டு. எந்தக் கிருமியால் வந்தாலும் சரி, சமூகத்தில் தொற்றிய நிமோனியா என்று எல்லாவற்றையும் எண்ணினால் 787க்கு எதிராக 747. பலன் 5.1 விழுக்காடு, தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு. இறப்பிலும் வேறுபாடு இல்லை. இரு பக்கமும் மூவாயிரம் பேர். நாற்பத்திரண்டாயிரம் பேருக்கு ஊசி போட்டு நாற்பத்தொரு பேருக்கு நோயைத் தடுத்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கு ஒருவர்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கிருமி ரத்தத்திலோ மூளையுறையிலோ பரவும் கடுமையான நோயில் அந்த ஊசியின் பலன் 75 விழுக்காடு: 28 பேருக்கு எதிராக 7. எண்ணிக்கையில் சிறியது, வந்தவருக்கு உயிரே போகும் நோய். மண்ணீரல் எடுக்கப்பட்டவர், சிறுநீரகம் செயலிழந்தவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், எச்ஐவி உள்ளவர் ஆகியோருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. அவர்களைப் பொறுத்தவரை ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கு செல்லாது. பழைய 23 வகை ஊசியும் முழுக்க வீண் அல்ல. ஜப்பானில் முதியோர் இல்லங்களில் 1,006 பேரிடம் நடத்திய சோதனையில் நிமோனியா 20.6 விழுக்காட்டிலிருந்து 12.5 ஆகக் குறைந்ததாக 2010இல் எழுதினார்கள். ஒரே கூரையின்கீழ் தளர்ந்த முதியவர்கள் நெருங்கி வாழும் இடம் அது. அங்கே கிடைத்த பலனைக் காலையில் பூங்காவில் நடக்கும் சித்தப்பாவுக்கு அப்படியே எழுதிக் கொடுக்க முடியாது.

15, 20, 21 என்று ஏறிக்கொண்டே போகும் புதிய ஊசிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கான அனுமதியை இவை பெற்றது ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு ஊறுகிறது என்று காட்டித்தான். நெதர்லாந்தில்போல் நோயை எண்ணிக் காட்டி அல்ல. கூடுதல் வகைகள் கூடுதல் காப்பு தரக்கூடும், தர்க்கம் அப்படித்தான் சொல்கிறது. தர்க்கத்துக்கு முழு விலை கேட்பதுதான் இடிக்கிறது.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு நியூமோகாக்கஸ் ஊசி சுமாரானது என்று யாராவது முடிவு கட்டினால், அது இந்தத் தலைமுறையின் மிகப் பெரிய தடுப்பூசி வெற்றிகளில் ஒன்றைத் தவறவிடுவதாகும். அந்த வெற்றி நடந்தது முதியவரின் தோளில் அல்ல, கைக்குழந்தையின் தொடையில். இந்தக் கிருமியின் வீடு குழந்தையின் மூக்கும் தொண்டையும். அங்கே நோய் எதுவும் செய்யாமல் குடியிருந்துகொண்டு, முத்தத்திலும் தும்மலிலும் தாத்தா பாட்டிக்குத் தாவும். சர்க்கரை உறையைப் புரதத்தோடு பிணைத்துச் செய்த ஊசி குழந்தைக்கு நோயைத் தடுப்பதோடு, அந்த வகைகளை மூக்கிலேயே குடியேற விடுவதில்லை. அமெரிக்காவில் 2000இல் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, ஊசியையே தொடாத முதியவர்களிடமும் அதே வகை நோய் சரிந்தது.

பெரியவர்களுக்கான ஊசியின் கதையையே இது மாற்றிவிட்டது. நெதர்லாந்து முடிவு கட்டுரையாக அச்சேறும் முன்பே, அதன் அடிப்படையில் அமெரிக்காவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2014இல் 65 கடந்த எல்லோருக்கும் 13 வகை ஊசியைப் பரிந்துரைத்தது. ஐந்தாண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால், குழந்தைகள் ஊசியால் ஏற்கெனவே விழுந்திருந்த கோடு மேலும் விழவில்லை. 2019இல் "எல்லோருக்கும்" என்பதை எடுத்துவிட்டு, மருத்துவரும் நோயாளியும் பேசி முடிவு செய்யட்டும் என்றார்கள். தன் பரிந்துரையைத் தானே திரும்பப் பெறும் குழுக்கள் குறைவு, பாராட்டத்தான் வேண்டும். பிறகு அதே குழு 2024இல், புதிய ஊசிகளை வைத்துக்கொண்டு, வயதை 50க்கு இறக்கியது. அந்த நாட்டின் பணப்பையும் கிருமி வகைகளும் வேறு. அதை அப்படியே இறக்குமதி செய்ய நான் தயங்குவேன்.

ஏழை நாடுகளில் குழந்தைகள் ஊசியின் பலன் இன்னும் அழுத்தமானது. காம்பியாவில் 17,437 குழந்தைகளிடம் நடந்த சோதனை 2005இல் வெளியானபோது, எக்ஸ்ரேயில் தெரியும் நிமோனியா 37 விழுக்காடு குறைந்திருந்தது. எந்தக் காரணத்தால் நேர்ந்தாலும் சரி, மொத்தக் குழந்தை இறப்பே 16 விழுக்காடு குறைந்திருந்தது. நெதர்லாந்துச் சோதனையில் அசையாமல் நின்ற இறப்புக் கணக்கு இங்கே அசைந்தது. ஒரு ஊசியை நிறுக்க இதைவிட நேர்மையான தராசு எனக்குத் தெரியாது.

இந்தியா தாமதமாகத்தான் வந்தது. 2017இல் இமாசலப் பிரதேசம், பீகார், உத்தரப் பிரதேசத்தில் தொடங்கி, 2021இல்தான் நாடு முழுக்க அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இது இடம்பிடித்தது. அதற்கு முன்பு தனியாரில் ஒரு தவணைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க முடிந்தவர் பிள்ளைக்கு மட்டும்தான் இது. 13 வகை ஊசிக்கு 2017இல் இந்தியாவில் காப்புரிமை கொடுத்ததை எதிர்த்து எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வாதாடியதும் தோற்றதும் தனிக் கதை. புனே சீரம் நிறுவனம் உருவாக்கிய 10 வகை ஊசி 2019 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தரச்சான்று பெற்றது. ஏழை நாடுகளுக்கு ஒரு தவணை 2 டாலர் என்று நிறுவனம் விலை வைத்தது. நம்முடையது போன்ற வளரும் நாடுகளில் காணப்படும் வகைகளைக் கணக்கில் கொண்டு அந்தப் பத்தும் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல்.

இதிலும் ஓட்டை உண்டு. ஊசி துரத்திய வகைகள் காலி செய்த இடத்தில், ஊசியில் இல்லாத வகைகள் குடியேறும். இங்கிலாந்தில் 8, 12எஃப் போன்ற வகைகள் அப்படித் தலையெடுத்து, முதியவர்களிடம் கிடைத்த ஆதாயத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டன. ஊசியைக் கொண்டுவந்துவிட்டுக் கண்காணிப்பை விட்டுவிட்டால் அடுத்த பத்தாண்டில் நாம் எதைத் தடுக்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

ஃப்ளூ ஊசியோ தேசிய அட்டவணையிலேயே இல்லை. எல்லோருக்கும் போட வேண்டும் என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் ஒரு கூட்டத்தை விட்டுவைத்தது நியாயமே அல்ல, கர்ப்பிணிகள். ஆறு மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குப் போட உலகில் எங்கும் ஃப்ளூ ஊசி கிடையாது. அதைக் காக்க ஒரே வழி தாய் வழி. 2008இல் வெளியான டாக்கா சோதனையில் 340 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஃப்ளூ ஊசி போட்டார்கள். மறுபாதிக்கு, ஒப்பீட்டுக்காக, போட்டது எது என்கிறீர்கள்? 23 வகை நியூமோகாக்கஸ் ஊசி. நம் ரசீதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டும் அங்கே எதிரெதிர்க் குழுவில் நின்றன. பிறந்த குழந்தைகளிடம் உறுதிசெய்யப்பட்ட ஃப்ளூ, ஃப்ளூ ஊசித் தாய்மார்களின் பக்கம் 63 விழுக்காடு குறைவு. 2014இல் வந்த தென்னாப்பிரிக்கச் சோதனையில் பலன் சுமார் பாதி. சிறிய சோதனையில் பெரிதாகவும் பெரிய சோதனையில் கொஞ்சம் சுருங்கியும் வருவது வழக்கம்தான். பாதி என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரே ஊசி, இரண்டு உயிர். சந்தையில் இதைக் கூவி விற்க ஆளில்லை, ஏனென்றால் வாங்க வேண்டியவர்கள் அரசு மருத்துவமனை வரிசையில் இருக்கிறார்கள்.

ஃப்ளூவில் இன்னொரு சிக்கல் காலம். தில்லியில் ஃப்ளூ உச்சம் ஜூலை முதல் செப்டம்பர் வரை, ஸ்ரீநகரில் குளிர்காலத்தில். சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து அக்டோபர் வாக்கில். ஊசியின் வீரியம் ஆறு மாதத்துக்குள்ளாகவே மங்கத் தொடங்கும். சித்தப்பாவுக்குப் போட்டது பிப்ரவரியில். மழை பிடிக்கும்போது அந்த ஊசியின் பெரும்பகுதி கரைந்திருக்கும். பரிசோதனைக்கு எந்த மாதம் வந்தாலும் போட்டு அனுப்புவது மருந்துக் கிடங்குக்கு வசதி, நோயாளிக்கு அல்ல. அந்தக் குப்பியில் நான்கு ரகம் என்று பெருமையாக எழுதியிருந்தது வேறு. நான்காவதான பி யமகட்டா ரகம் 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. மூன்று ரகமே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இலேயே சொல்லிவிட்டது. நாலாவது ரகத்தால் கெடுதல் ஒன்றுமில்லை. அதைக் காரணம் காட்டி விலை ஏற்றினால் மட்டும் கேள்வி கேட்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தோள் வலி, ஒரு நாள் உடம்புச் சூடு. ஃப்ளூ ஊசிக்குப் பின் கில்லன் பாரே என்னும் நரம்பு நோய் பத்து லட்சத்துக்கு ஒன்று இரண்டு என்ற அளவில் வரலாம். ஊசி மருந்தில் இருப்பது செத்த கிருமி. ஆகவே ஊசியே ஃப்ளூவை உண்டாக்காது.

இனி என் தீர்ப்பு. குழந்தைக்கு நியூமோகாக்கஸ் ஊசி: மறுபேச்சே இல்லை, மூன்று தவணையும். வீட்டு முதியவருக்கும் அதுவே கிடைக்கக்கூடிய நல்ல நியூமோகாக்கஸ் காப்பு. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், மருத்துவமனை ஊழியர்கள் ஆகியோருக்கு ஃப்ளூ ஊசி: அரசு தன் காசில் போட வேண்டியது, தமிழ்நாட்டில் செப்டம்பரில். சர்க்கரை, நுரையீரல், சிறுநீரகக் கோளாறு உள்ள முதியவர் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வதும் தகும். பெரியவர்களுக்கான நியூமோகாக்கஸ் ஊசி, எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்குத் தயங்காமல். சித்தப்பாவைப் போல் நீண்டகால நோய் உள்ளவர் கையில் காசிருந்தால் போட்டுக்கொள்ளட்டும், கடன் வாங்கி வேண்டாம். வேறு நோயில்லாத எல்லா முதியவருக்கும் பொதுப் பணத்தில் என்றால், மேலே சொன்னவை முடியும்வரை காத்திருக்கலாம். "நிமோனியாவே வராது" என்று சொல்லி விற்பது மட்டும் எந்த நிலையிலும் ஒப்ப முடியாதது.

சித்தப்பாவிடம் சுருக்கமாகத்தான் சொன்னேன். நிமோனியா ஊசி போட்டது போட்டதுதான், வீண் இல்லை. ஃப்ளூ ஊசியைச் செப்டம்பரில் திரும்பப் போட வேண்டியிருக்கும். டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். "அப்ப ஃப்ளூ ஊசிக்குக் குடுத்த இந்த ரெண்டாயிரம்?" என்றார். பதில் சொல்லாமல், பேத்தியின் தடுப்பூசி அட்டையை எடுத்துவரச் சொன்னேன். பிள்ளைக்குப் பதினோரு மாதம் நடக்கிறது. ஆறாவது வாரத்துக் கட்டத்தில் தேதி இருந்தது, பதினான்காவது வாரத்திலும் இருந்தது. ஒன்பதாவது மாதத்துக் கட்டம் காலி. அந்த வாரம் பிள்ளைக்குச் சளி என்று போகவில்லையாம். கிராம சுகாதார செவிலியருக்குப் போன் போட்டார் சித்தப்பா. புதன்கிழமை அழைத்து வரச் சொன்னார்கள்.